டி. வி. சுந்தரம் ஐயங்காரும் டி.வி.எஸ். தொழில் மரபும்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தமிழகப் பேருந்துப் போக்குவரத்தின் முன்னோடிகளில் ஒருவர். டி.வி.எஸ். தொழில் குழுமத்தின் நிறுவனர். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1911-ல் 'டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்' என்ற குடும்ப நிறுவனத்தைத் தொடங்கினார். பேருந்து, லாரி, வாகன விற்பனை, பழுதுபார்ப்பு என்று வளர்ந்த அந்நிறுவனம், அவர் மறைவுக்குப் பின் வாகன உதிரிபாகங்களையும் இருசக்கர வாகனங்களையும் தயாரிக்கும் பெரிய குழுமமாக ஆனது. சமூக சேவகரும் காந்திகிராமத்தின் நிறுவனருமான டி. எஸ். சௌந்தரம் இவருடைய மகள்.

இக்கட்டுரை சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையையும், அவருக்குப் பின் அவர் நினைவு எந்தெந்த வடிவங்களில் நிலைத்தது என்பதையும் விவரிக்கிறது.

## பெயர்

'டி.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்துகள் ஒரு மனிதரின் பெயரின் முதலெழுத்துகள். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் என்பது விரிவு. முதலெழுத்து பிறந்த ஊரையும், மூன்றாவது எழுத்து அவரையும் குறிக்கின்றன.

இன்று இந்த எழுத்துகளைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு மனிதரை நினைத்துச் சொல்வதில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்கரைச் சாலைகளிலும் வயல்களுக்கு நடுவே செல்லும் கிராமச் சாலைகளிலும் பால்கேன், புல்லுக்கட்டு, உரமூட்டை ஏற்றிச் செல்லும் சிறிய மொபெட்டை மக்கள் 'டிவிஎஸ்' என்றே அழைக்கிறார்கள். 'டிவிஎஸ் எடுத்துட்டு வயலுக்குப் போயிருக்காரு' என்பது அன்றாடப் பேச்சு. ஒருவரின் பெயர் ஒரு பொருளின் பெயராகி, பொருளின் பெயர் பொதுச்சொல்லாகவும் ஆகிவிட்டது. சுந்தரம் ஐயங்கார் அந்த வண்டியைப் பார்த்ததில்லை. அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகே டி.வி.எஸ். 50 மொபெட் சந்தைக்கு வந்தது.

## பிறப்பு, தொடக்ககாலம்

சுந்தரம் ஐயங்கார் மார்ச் 22, 1877 அன்று திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. நம்பி கோயிலைச் சுற்றி அமைந்த பழைய ஊர்.

மகன் சட்டத்துறைக்குச் செல்ல வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். சுந்தரம் ஐயங்கார் வழக்கறிஞராகத் தொடங்கி, பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த பிராமணக் குடும்பத்து இளைஞருக்கு இம்மூன்றும் மதிப்பான வேலைகள். நிலையான வருமானம் உள்ள வேலையை விட்டுவிட்டு மோட்டார் வண்டித் தொழிலில் இறங்குவது அன்றைய சூழலில் வழக்கத்துக்கு மாறான முடிவு. அத்தொழில் எண்ணெய், கரி, இரும்பு, சாலைப் புழுதி ஆகியவற்றோடு தொடர்புடையது. அதன் எதிர்காலமும் அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

## பேருந்துத் தொழில்

சென்னையையும் தூத்துக்குடியையும் மதுரை வழியாக இணைத்த ரயில் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்டது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர்களுக்குச் செல்ல மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே இருந்தன. இருபது மைல் பயணம் ஒரு முழுநாள் வேலை. இந்த இடைவெளியில்தான் மோட்டார் பேருந்துக்குத் தேவை இருந்தது. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் நிறுவனத்தைத் தொடங்கி, 1912-ல் பேருந்து சேவையை ஆரம்பித்தார். பின்னர் பேருந்துகளும் லாரிகளும் 'சதர்ன் ரோட்வேஸ்' என்ற பெயரில் இயங்கின.

அக்காலத்துப் பேருந்துத் தொழில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டிகள் வைத்திருந்த சிறு முதலாளிகளிடம் இருந்தது. ஆள் சேர்ந்தால் வண்டி புறப்படும், சேரும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டும். கட்டணமும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். வழியில் வண்டி நின்றுவிட்டால் மாற்றுவண்டி வராது. உரிமம், வழித்தடம், நேர அட்டவணை ஆகியவற்றை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்திய மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல்தான் வந்தது.

டி.வி.எஸ். பேருந்துகள் புகழ்பெற்றது நேரம் தவறாமைக்காக. ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டது. டி.வி.எஸ். பஸ் கடந்து செல்வதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வழங்குகிறது. காளைகளின் குளம்புகளில் அடித்த லாட ஆணிகள் சாலையில் விழுந்து டயரைப் பழுதாக்கியதால், காந்தம் பொருத்திய வண்டியை முன்னதாக அனுப்பி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்ற கதையும் அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.

நேரம் தவறாமை ஒரு முதலாளியின் குணத்தால் மட்டும் அமைவதில்லை. காலி இருக்கைகளோடு புறப்படும் நட்டத்தை நிறுவனம் ஏற்க வேண்டும். நாளை இதே நேரத்தில் வண்டி வரும் என்று பயணி நம்பத் தொடங்கிய பிறகே அந்த நட்டம் ஈடாகும். அதுவரை பொறுத்திருக்க முதல் வேண்டும். வண்டி வழியில் நிற்காமலிருக்கப் பணிமனை வேண்டும், உதிரிபாகக் கையிருப்பு வேண்டும், இரவில் விழித்திருந்து பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் வேண்டும். பேருந்துத் தொழிலில் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் பழுதுபார்ப்பு, உதிரிபாகம், வாகன விற்பனை என்று விரிந்ததற்கு இதுவே காரணம். ஓட்டுநர், நடத்துநர், கிளீனர், டைம்கீப்பர், மெக்கானிக் எனப் பலரின் உழைப்பில் அமைந்த ஒழுங்கு அது. நிறுவனரின் புகழைப் பேசும்போது இவர்களின் பெயர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

## போர்க்காலம்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-ன் தொடக்க மாதங்களில் மலாயா, சிங்கப்பூர், பர்மா ஆகியவை அடுத்தடுத்து ஜப்பான் வசமாயின. பர்மாவின் எண்ணெய் வயல்கள் இந்தியாவுக்கு எரிபொருள் தந்துவந்தவை. மலாயா உலகின் முக்கியமான ரப்பர் விளையும் நாடுகளில் ஒன்று. எனவே பேருந்துத் தொழிலுக்கு எரிபொருள், டயர் இரண்டும் ஒரே நேரத்தில் அரிதாயின.

இந்நிலையில் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்ற கரிவாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தது. மூடிய இரும்புக் கலனில் மரக்கரியைக் குறைந்த அளவு காற்றோடு எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். இந்த முறையில் எஞ்சினின் திறன் குறையும், மேட்டில் வண்டி திணறும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கரியைப் பற்றவைக்க வேண்டும், நாள்தோறும் சாம்பலையும் தாரையும் சுத்தம் செய்ய வேண்டும். இத்தனை தொல்லைகளுக்கு நடுவே, பெட்ரோல் இல்லாத காலத்தில் பேருந்துகள் கரியில் ஓடின.

டயர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ரீட்ரெடிங் தொழில் உதவியது. தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய ரப்பர் பட்டையை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மறுபடியும் ஓடும். வாங்கி விற்கும் நிறுவனம் தானே ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டதன் தொடக்கங்கள் என்று இவ்விரண்டையும் சொல்லலாம். டி.வி.எஸ். பின்னாளில் உற்பத்திக் குழுமமாக ஆனதன் வேர் இக்காலத்துப் பணிமனைகளில் இருக்கிறது.

## விற்பனையிலிருந்து உற்பத்திக்கு

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவை சுந்தரம் ஐயங்கார் காலத்திலேயே உருவான நிறுவனங்கள். சுந்தரம் மோட்டார்ஸ் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் முக்கிய விற்பனையாளராக இருந்தது. அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பாகங்களை இறக்குமதி செய்து வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய அரசின் கொள்கை மாறியது. படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத, பாகங்களைப் பூட்டி விற்க மட்டுமே செய்யும் நிறுவனங்கள் தொடர வேண்டாம் என்று 1953-ல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை இந்தியாவில் வண்டி பூட்டும் தொழிலை நிறுத்தின. அவ்வண்டிகளை விற்ற நிறுவனங்களுக்கு இது பெரிய அடி. அதே கொள்கை, உள்நாட்டில் உதிரிபாகம் செய்ய முன்வருபவர்களுக்கு ஒரு வாய்ப்பையும் திறந்தது.

லாரி வாங்க விரும்புபவர்களுக்கு முதல் கிடைக்காத நிலை இருந்தது. இதற்காக சுந்தரம் ஐயங்காரின் மகன் டி. எஸ். சந்தானம் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தவணை முறையில் லாரி, பேருந்து வாங்குவது தென்னிந்தியாவில் பரவ இது ஒரு காரணமாயிற்று.

## குடும்பம்

சுந்தரம் ஐயங்காரின் மனைவி லட்சுமி அம்மாள். நிறுவனத்தின் பெயரிலேயே மகன்கள் இருந்தனர். 'அண்ட் சன்ஸ்' என்பது அக்காலத்துக் குடும்ப நிறுவனங்களின் வழக்கமான பெயர்முறை. சுந்தரம் ஐயங்கார் தம் வாழ்நாளிலேயே பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் வழியாக நான்கு கிளைகளாகக் குழுமம் வளர்ந்தது.

### மகள் சௌந்தரம்

நிறுவனத்தின் பெயரில் இடம்பெறாத மகள்களில் ஒருவர் சௌந்தரம் (1904–1984). அவருக்கு இளம்வயதிலேயே மருத்துவர் சௌந்தரராஜனுடன் திருமணம் நடந்தது. மனைவி மேலும் படிக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த சௌந்தரராஜன் 1925-ல் அதே நோயால் இறந்தார். அப்போது சௌந்தரத்துக்கு வயது இருபதை ஒட்டியிருந்தது.

அன்றைய வைதிகக் குடும்பங்களில் விதவைப் பெண்ணின் வாழ்க்கை வீட்டுக்குள் முடங்குவதே வழக்கம். சௌந்தரம் பெற்றோரின் ஆதரவுடன் படிப்பைத் தொடர்ந்தார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-ல் மருத்துவரானார். டெல்லியில் சுசீலா நய்யாரின் நட்பு கிடைத்தது, அவர் வழியாகக் காந்தியின் அறிமுகமும் கிடைத்தது. காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள முடிவுசெய்தார். ராமச்சந்திரன் கேரளத்தவர், வேறு சாதியினர். விதவை மறுமணம், சாதி கடந்த திருமணம் இரண்டும் சேர்ந்த இம்முடிவைப் பெற்றோர் ஏற்கவில்லை. இருவரும் ஓராண்டு தொடர்பின்றிப் பிரிந்திருந்து, அதன் பின்னும் மனம் மாறாவிட்டால் மணந்துகொள்ளலாம் என்று காந்தி அறிவுறுத்தினார். ஓராண்டுக்குப் பின்னும் அவர்கள் உறுதியாக இருந்தனர். 1940 நவம்பரில் காந்தியின் ஆசியுடன் திருமணம் நடந்தது.

சௌந்தரம் 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கெடுத்தார். கஸ்தூர்பா அறக்கட்டளையின் தென்னிந்தியப் பொறுப்பை ஏற்றார். 1947-ல் திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளப்பட்டியை ஒட்டி காந்திகிராமத்தை ராமச்சந்திரனுடன் இணைந்து நிறுவினார். மகப்பேறு மருத்துவம், செவிலியர் பயிற்சி, ஆதாரக் கல்வி, கதர், கிராமத் தொழில்கள் எனப் பல பணிகள் அங்கே தொடங்கின. 1956-ல் உருவான காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சௌந்தரம் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962-ல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மத்திய கல்வித்துறைத் துணை அமைச்சராகப் பணியாற்றினார். 1962-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

சுந்தரம் ஐயங்காரின் வரலாற்றில் இந்தப் பகுதி எளிதாகக் கடந்துசெல்ல முடியாதது. விதவை மகளைப் படிக்கவைத்த தந்தை அவர். அந்த மகள் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தபோது தயங்கியவரும் அவரே. தொழிலில் புதுமையை ஏற்ற ஒருவருக்கும் குடும்ப வழக்கத்தில் அதே அளவு புதுமையை ஏற்பது கடினமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே அவருக்கும் அவர் காலத்துக்கும் நியாயம் செய்வதாகும்.

## மறைவு

சுந்தரம் ஐயங்கார் ஏப்ரல் 28, 1955 அன்று கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

## அவர் காணாத தொழிற்சாலைகள்

டி.வி.எஸ். குழுமத்தின் பெரிய தொழிற்சாலைகள் அனைத்தும் அவர் மறைவுக்குப் பின் உருவானவை. 1960-களில் சென்னையை ஒட்டிய பாடியில் அவை அடுத்தடுத்து எழுந்தன.

- லூகாஸ் டி.வி.எஸ்.: வாகன மின்கருவிகள். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் கூட்டு.
- வீல்ஸ் இந்தியா: வாகனச் சக்கரங்கள்.
- பிரேக்ஸ் இந்தியா: பிரேக் அமைப்புகள்.
- சுந்தரம் கிளேட்டன்: கனரக வாகனங்களுக்கான ஏர் பிரேக். பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்துடன் கூட்டு.
- சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்: போல்ட், நட் முதலிய இணைப்புப் பாகங்கள். சுந்தரம் ஐயங்காரின் பேரன் சுரேஷ் கிருஷ்ணா 1966-ல் உற்பத்தியைத் தொடங்கினார்.

பாடி அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. உத்திரமேரூரும் அதே மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. ஏரிப்பாசனத்தையும் நெசவையும் நம்பியிருந்த ஒரு மாவட்டம், வடபகுதியில் பாடி, அம்பத்தூர், ஆவடி என்று தொழிற்சாலைகளையும் கண்டது. பின்னாளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கார் தொழிற்சாலைகள் வந்தபோது, உதிரிபாகம் செய்யும் திறன் ஏற்கெனவே அருகில் இருந்தது ஒரு முக்கியமான காரணம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த உள்ளூர் இளைஞர்களுக்கு இன்று கம்பெனி வேலை என்பது வழக்கமான பாதையாக இருப்பதன் பின்னணி இது.

ஓசூரில் தொடங்கிய மொபெட் தொழிற்சாலையிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய, விலை குறைந்த, பராமரிக்க எளிய வண்டி. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே இருந்த இடத்தை அது பிடித்தது. சிறுவிவசாயி, பால்காரர், மீன் விற்பவர், துணி வியாபாரி ஆகியோரின் வண்டியாக ஆனது. 1912-ல் பேருந்து எந்த இடைவெளியை நிரப்பியதோ, அதன் எஞ்சிய பகுதியை, அதாவது பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கும் வயலுக்கும் செல்லும் தொலைவை, இந்த வண்டி நிரப்பியது.

தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை 1998-ல் சுந்தரம் கிளேட்டன் பெற்றது. இவ்விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் அதே விருதைப் பெற்றது.

## மறைந்த பேருந்துகள்

சுந்தரம் ஐயங்கார் தம் கையால் உருவாக்கிய தொழில், அதாவது பேருந்து, இன்று குழுமத்திடம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் தமிழக அரசு பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. மதுரைப் பகுதியில் டி.வி.எஸ். பேருந்துகள் இருந்த இடத்தில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன் ஆகிய கழகங்களும் இக்காலத்தில் உருவானவை.

இதனால் தனியார் நிறுவனங்கள் லாபம் தராது என்று விட்டிருந்த கிராமங்களுக்கும் பேருந்து சென்றது. பின்தங்கிய ஊர்களின் மாணவர்களும் தொழிலாளர்களும் பயனடைந்தனர். அதேவேளை, பழைய டி.வி.எஸ். பேருந்தின் நேர ஒழுங்கை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள் மதுரையில் நெடுங்காலம் இருந்தனர். ஒரு தொழில் கைவிட்டுப் போன பிறகும் அதன் ஒழுங்கு மக்கள் பேச்சில் அளவுகோலாக நிலைத்தது.

## நினைவுகூரும் வடிவங்கள்

சுந்தரம் ஐயங்காரின் நினைவு பல வடிவங்களில் காணக் கிடைக்கிறது. மதுரையில் டி.வி.எஸ். நகர் உள்ளது. டி.வி.எஸ். பெயரில் பள்ளிகள் இயங்குகின்றன. 'சுந்தரம்' என்ற சொல் நிறுவனங்களின் பெயர்களில் தொடர்கிறது.

குடும்ப நிறுவனங்களில் நிறுவனரின் படத்துக்கு மாலையிடுவதும், நினைவுநாளில் அன்னதானம் செய்வதும், பள்ளி, மருத்துவமனைக்கு அவர் பெயர் வைப்பதும் தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அரிசி ஆலை முதல் பெரிய ஆலை வரை இதைப் பார்க்கலாம். இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வேறொரு முறை உத்திரமேரூரில் உண்டு. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து (பொ.யு. 919, 921) கல்வெட்டுகள் உள்ளன. அவை ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பது அவ்விதிகளில் ஒன்று.

பதினோரு நூற்றாண்டுகளாக அக்கல்வெட்டு நினைக்கப்படுவது அதில் உள்ள விதிகளுக்காக. அச்சபையில் இருந்தவர்கள் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதே கல்வெட்டு, சொந்த நிலமும் வீடும் வேத அறிவும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே தகுதி உண்டு என்று சொல்லி, ஊரின் பெரும்பகுதியினரை வெளியே நிறுத்தியது என்பதும் உண்மை.

குடும்ப நிறுவனத்தில் உறவே தகுதியாகிறது. அதனால் அடுத்த தலைமுறைக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு கூடுகிறது. டி.வி.எஸ். குடும்பக் கிளைகள் 2020-ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2022-ல் நிறுவனங்களின் உரிமையை முறையாகப் பிரித்துக்கொண்டன. எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ, அந்த நிறுவனத்தின் உரிமை அக்கிளைக்கு என்பது ஏற்பாடு. மூன்று தலைமுறைகளுக்கு மேல் கூட்டாக இருந்த சொத்து இவ்வாறு பிரிந்தது.

மற்றொரு மாற்றமும் நடந்தது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனத்தை ஆரத்தி கிருஷ்ணாவும், சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தை லட்சுமி வேணுவும் நிர்வாக இயக்குநர்களாக ஏற்றனர். இருவரும் சுந்தரம் ஐயங்காரின் கொள்ளுப்பேத்திகள். 1911-ல் 'அண்ட் சன்ஸ்' என்று தொடங்கிய மரபில், நான்காம் தலைமுறையில் மகள்கள் தலைமைக்கு வந்தனர்.

## மதிப்பீடு

சுந்தரம் ஐயங்கார் புதிய இயந்திரம் எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். சிதறிக் கிடந்த ஒரு தொழிலில் நேரம், பராமரிப்பு, உதிரிபாகக் கையிருப்பு ஆகியவற்றை விதிகளாக்கியவர் என்பதே அவரது முதன்மையான இடம். பேருந்துக்காக ஏற்பட்ட பணிமனைப் பழக்கம் போர்க்காலத்தில் கரிவாயுக் கலனாகவும், பின்னர் பிரேக், சக்கரம், போல்ட் தயாரிக்கும் தொழிற்சாலைகளாகவும் மாறியது. அவர் விட்டுச் சென்ற சொத்தில் பேருந்துகள் அரசிடம் சென்றன, நிறுவனங்கள் கிளைகளாகப் பிரிந்தன. பணிமனைகளில் பழகிய ஒழுங்கே தலைமுறை தாண்டித் தொடர்ந்தது. டெமிங் விருதுகளை அதன் நெடிய விளைவாகக் காணலாம்.

அவர் நினைவைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் மகன்களோடும் தொழிற்சாலைகளோடும் நின்றுவிடுகின்றன. காந்திகிராமத்தையும் சேர்த்தே அந்த மரபின் பரப்பைக் கணக்கிட வேண்டும். அது நிறுவனத்தின் முதலீட்டில் உருவானது அல்ல, அவர் திட்டமிட்டதும் அல்ல. ஆனால் இருபதை ஒட்டிய வயதில் விதவையான மகளுக்குப் படிப்பின் கதவைத் திறந்த வீட்டிலிருந்தே அதன் பாதை தொடங்கியது. அவ்வீட்டின் விருப்பத்தை மீறியும் அது தொடர்ந்தது. அதேபோல, பெயர் தெரியாத ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இல்லாமல் 'டி.வி.எஸ். நேரம்' என்ற புகழ் இல்லை.

தம் ஊரில் உள்ள ஒரு குடும்பத் தொழிலின் நிறுவனரைப் பற்றி எழுத விரும்பும் மாணவர்களுக்கு இவ்வரலாறு சில கேள்விகளைத் தருகிறது. அவர் எந்த இடைவெளியைக் கண்டு தொழிலைத் தொடங்கினார்? நெருக்கடியில் எதைச் செய்யக் கற்றுக்கொண்டார்? அவருடன் வேலை செய்தவர்கள் யார்? வீட்டில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? அவருக்குப் பிறகும் எந்த விதி காக்கப்படுகிறது? இவற்றுக்கான விடைகள் பழைய ஊழியர்களிடமும் கணக்குப் புத்தகங்களிலும் வீட்டுப் பெண்களின் நினைவிலும் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டியவை அவை.